பெடலும் அதன் மென்பொருள் பிரதியும்: மூன்று மாதம் வாசித்துப் பார்த்தபின்

வேலை முடிந்து வீடு திரும்பி, உணவருந்திவிட்டு நான் கிட்டாரைக் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் இரவு 10.30 மணி கடந்திருக்கும். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் எவரும் அந்நேரத்தில் ஆம்ப்ளிஃபையரை உரக்க ஒலிக்க விடமாட்டார். ஆகவே ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், அதைவிடக் கடுமையாகச் சீறவைக்கும் ஃபஸ், எதிரொலி தரும் டிலே என, கிட்டாரின் ஒலியை மாற்றும் சிறு பெட்டிகளான என் மூன்று பெடல்களையும், கணினியில் அவற்றைப்போல் ஒலிக்கும் மென்பொருள் பிரதிகளையும் மூன்று மாதங்களாக ஒரே கிட்டாரில், ஒரே ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றி வாசித்தேன். இரண்டு முறையிலும் ஆம்ப்ளிஃபையர் ஒலியை ஒரே மென்பொருளே தந்ததால், வேறுபாடு எதுவாயினும் அது பெடலின் பகுதியிலிருந்து வந்ததே.

ஓவர்டிரைவ் பெடல் ஐபனீஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்கிரீமர் டிஎஸ்9. இதன் மூத்த வடிவமான டிஎஸ்808 1979இல் வந்தது. ஒலியைப் பெருக்கும் சுற்றுக்குள்ளேயே இரு டயோடுகள் அலையின் முனைகளை மென்மையாக மழுக்குகின்றன. 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் குறைவாகவே பெருக்கப்படுவதால் நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கிறது. கமகத்தோடு வாசிப்பவருக்கு இந்தக் குணம் பெரிய துணை. தோடியின் காந்தாரத்தை ஒரே மீட்டில் அசைத்து வாசிக்கும்போது, வெறும் கிட்டாரில் பாதியிலேயே தேய்ந்துவிடும் நாதம் இதில் கடைசி அசைவு வரை நிற்கிறது. மென்பொருள் பிரதியும் இதைக் குறையின்றிச் செய்தது. என் தம்பி எனக்குத் தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி இணைத்தபோது, எது பெடல் என்று நான் சொன்னவற்றில் பாதி தவறாகிவிட்டது.

ஆனால் எல்லா மென்பொருள்களும் அவ்வாறில்லை. நான் முதலில் வாங்கிய ஒன்றில், மேல் ஸ்தாயியில் தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்தியபோது, பின்னணியில் மெல்லிய வேறொரு ஒலி கீழ்நோக்கி இறங்கியது. 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து இயங்கும் மென்பொருளால் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே ஏந்த முடியும். அலையைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேற்சுரங்கள் அந்த எல்லையைத் தாண்டும்போது மடங்கிக் கீழே திரும்பி வருகின்றன. உள்ளே இன்னும் அதிக வேகத்தில் கணக்கிடும் ஓவர்சாம்பிளிங் என்ற அமைப்பை உயர்த்தியதும் அது பெருமளவு மறைந்தது. கணினியின் சுமையும் கூடவே ஏறியது. கமகம் வாசிப்பவர்கள் மென்பொருளை வாங்குமுன் இதை அவசியம் சோதிக்க வேண்டும்.

ஃபஸ் பெடலில்தான் பிரதி தோற்றது. அந்தத் தோல்வி எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. என்னிடமுள்ளது 1966இல் லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸின் வழியில் செய்யப்பட்ட, இரண்டே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட எளிய பெடல். இதன் உள்ளீட்டு மின்மறுப்பு, அதாவது உள்ளே வரும் மின்சைகைக்குக் காட்டும் தடை, மிகக் குறைவாக இருப்பதால், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் கிட்டாரின் பிக்கப்பும் பெடலும் ஒரே சுற்றாக இயங்குகின்றன. கிட்டாரின் வால்யூம் குமிழைச் சற்றே குறைத்தால், சீறிக்கொண்டிருந்த ஒலி மணியோசைபோல் தெளிந்துவிடும். மென்பொருளுக்கு முன்னால் நின்று கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் உள்ளீட்டு மின்மறுப்போ சுமார் 10 லட்சம் ஓம். அங்கே கிட்டாருக்கும் சுற்றுக்கும் அந்த உறவே ஏற்படுவதில்லை. முழு வால்யூமில் இரண்டும் ஒன்றுபோல ஒலித்தன. குமிழைத் தொட்ட கணத்தில் பிரதி வெறுமனே அடங்கிப்போனது. யுனிவர்சல் ஆடியோவின் அப்பல்லோ போன்ற சில இன்டர்ஃபேஸ்கள் இக்காரணத்தாலேயே உள்ளீட்டு மின்மறுப்பை மாற்றும் வசதியோடு வருகின்றன, ஆனால் என்னுடையது அத்தகையதன்று.

மென்பொருளின் பக்கம் நின்று ஒன்று சொல்லியாக வேண்டும். வெப்பம் ஏறினால் ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டமும் ஏறும். குளிரூட்டப்பட்ட ஒத்திகை அறையில் அருமையாக ஒலித்த அதே பெடல், சமூக மன்றத்தின் திறந்தவெளியில் பொங்கல் நிகழ்ச்சிக்காகப் பிற்பகலில் வாசித்தபோது திக்கித் திக்கி ஒலித்தது. நம் ஊர் வெயிலில் இது அடிக்கடி நேரும். மென்பொருளுக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

டிலேயைப் பொறுத்தவரை மென்பொருளே போதும். எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. உண்மையான கருவியின் ஒலியைக் கற்று நகலெடுக்கும், இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் ஓவர்டிரைவைப் பிரமாதமாகப் பிடிக்கிறது, ஆனால் டிலே அதன் வேலையன்று. மேலும் அதன் வழக்கமான கோப்பு ஒவ்வொன்றும் குமிழ்களின் ஒரே நிலையை மட்டுமே கொண்டிருக்கும்.

மீட்டியது காதில் விழும்வரை மென்பொருள் எடுக்கும் தாமதத்தையும் கவனிக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை, அதாவது கணினி ஒரே முறையில் சேர்த்துக் கையாளும் ஒலி அளவீடுகளின் எண்ணிக்கையை, 128 சாம்பிளாக வைத்தால் ஒரு வழிக்கு ஏறக்குறைய 2.7 மில்லிவினாடி ஆகும். அது விரலுக்குத் தெரியவில்லை. 256க்கு உயர்த்தியபோது, மிருதங்கப் பதிவோடு சேர்த்து வாசித்த துரித கால சுரங்கள் பின்தங்குவதை உணர்ந்தேன்.

ஆகவே ஓவர்டிரைவ், டிலே இரண்டையும் விற்றுவிட்டு, ஃபஸ்ஸை மட்டும் இன்டர்ஃபேஸுக்கு முன்னால் இணைத்து வைத்துக்கொள்கிறேன். வாங்க நினைப்பவர்கள் சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகிலுள்ள பெனின்சுலா கடைத்தொகுதிக்குத் தங்கள் சொந்தக் கிட்டாரையே எடுத்துச் சென்று, வால்யூம் குமிழைக் குறைத்தும் கூட்டியும் கேட்டுப் பார்க்கட்டும். பழைய முறையில் செய்யப்பட்ட ஜெர்மானியம் ஃபஸ்கள் பலவற்றில் மின்முனைகள் தலைகீழாக இருக்கும் என்பதால், அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே 9 வோல்ட் மின்தொடரில் இணைக்காமல் தனி பேட்டரியில் இயக்குவதே பாதுகாப்பானது.