கிருஷ்ணகிரி பக்கம் மூட் போர்டு சேவை: துண்டு ஒட்டித் தந்தால் மட்டும் காசு கொடுங்கள்

ஹால், சமையலறை, படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் என்ன பெயிண்ட், என்ன மைக்கா (பிளைவுட்மேல் ஒட்டும் மெல்லிய ஷீட்), என்ன கல், என்ன ஸ்கிரீன் துணி என்று ஒரே அட்டையில் சேர்த்துக் காட்டுவதுதான் மூட் போர்டு. டிசைனர்கள் இதை இரண்டு விதமாகத் தருகிறார்கள். இணையப் படங்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃப் ஒன்று. நிஜப் பொருளின் துண்டுகளை ஒட்டிய அட்டை இன்னொன்று. முதல் வகை ரசனையைப் பேசித் தீர்க்க உதவும், அவ்வளவுதான். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இரண்டாவது வகைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

காரணம் வெளிச்சம். டிசைனர் அலுவலகத்தில் 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை விளக்கின் கீழ் சாம்பலாகத் தெரியும் மைக்கா, வீட்டில் 3000 கெல்வின் வாம் ஒயிட், அதாவது மஞ்சள் கலந்த விளக்கு போட்டதும் பழுப்பேறித் தெரியும். அதனால் போர்டை உங்கள் கட்டடத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். காலை 10 மணி, மாலை 4 மணி, இருட்டிய பின் விளக்கு போட்டு என மூன்று முறை பாருங்கள். அலமாரிக்கான மைக்காவை நிறுத்திப் பிடித்தும், தரை டைல்ஸைக் கீழே வைத்தும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு. பெயிண்ட்டுக்கு ஷேடு கார்டு போதாது. பட்டி, பிரைமர் அடித்த சுவரில் 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட், ஜன்னல் பக்கம் ஒன்று, எதிர்ச்சுவரில் ஒன்று என அடித்துப் பாருங்கள். நான்கு சுவரும் நிறைந்தால் நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும், ஒரு படி வெளிறிய ஷேடையே எடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சோதனை உண்டு. போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீடுகளில் கறுப்பு மேட் குழாய், அடர்நிற மேட் டைல்ஸ், கறுப்பு கிரானைட் மேடை எல்லாவற்றிலும் வெள்ளைத் திட்டு படியும். போர்டில் இவை மிக அழகாக இருக்கும், அங்கேதான் ஏமாறுகிறோம். உங்கள் வீட்டுத் தண்ணீரை அந்தத் துண்டுகள்மேல் சொட்டவிட்டுக் காயவிடுங்கள். நான்கைந்து முறை செய்தாலே தெரிந்துவிடும்.

கிரானைட்டில் இன்னொரு சிக்கல். நம் பகுதியில் வெட்டும் பாரடிசோ போல அலையலையாக ஓடும் கல்லை 4 அங்குலத் துண்டில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கல் பலகைக்குப் பலகை இந்த ஓட்டம் மாறும். பாலிஷ் யூனிட்டுக்குப் போய், எடுக்கப்போகும் பலகையிலேயே எண் எழுதி, படம் எடுத்து போர்டோடு சேருங்கள். பெங்களூரு டிசைனர் வைத்திருக்கும் மாதிரித் துண்டை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, கல் இங்கேயே இருக்கிறது.

ஒவ்வொரு துண்டின் கீழும் கேட்டலாக் எண், ஃபினிஷ், தடிமன் எழுதியிருக்க வேண்டும். வெளிப்பக்க மைக்கா 1 மில்லிமீட்டர். பிளைவுட், சமையலறைக்கும் சிங்க் அடிக்கும் தண்ணீர் தாங்கும் 710 கிரேடு (ஐஎஸ்ஐ தர எண்), தண்ணீர் படாத படுக்கையறை அலமாரிக்கு 303. டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் கிரவுட்டின் நிறத்தையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அது மாறினால் தரையே வேறாகத் தெரியும். இதே எண்கள் கொட்டேஷனிலும் வர வேண்டும். வராவிட்டால் ஆசாரி கையில் 'அதே மாதிரி' ஒரு ஷீட் வந்து நிற்கும், கேட்க வழியிருக்காது. வாங்கும்போது ஒரே பேட்ச் எண்ணாகப் பாருங்கள், டைல்ஸ் 10 சதவீதம் கூடுதலாக எடுங்கள். மைக்கா எண்கள் கேட்டலாக்கிலிருந்து நின்றுபோவது உண்டு, மாற்று ஒன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தேக்குக் கட்டில், பீரோ, பூஜை அலமாரி இவற்றின் நிறமும் போர்டில் இடம்பெற வேண்டும். படத்தில் பீரோ இருப்பதில்லை, வீட்டில் இருக்கிறதே.

போர்டு கைக்கு வர வேண்டியது எலக்ட்ரிக் பைப்புக்குச் சுவர் வெட்டும் முன். டைல்ஸ் ஒட்டி முடித்தபின் வந்தால் ஸ்கிரீன் துணியும் பெயிண்ட்டும் தேர்வு செய்ய மட்டும்தான் அது பயன்படும்.