டி.யு.ஐ. கேஸ் பேப்பர்: கவுன்டி கவுன்டரா, போர்ட்டலா, காசு கேட்கும் தளமா?

"அண்ணா, விசா ஸ்டாம்பிங்குக்கு சென்னை போறேன். அந்த பழைய கேஸ் பேப்பர் வேணுமாம். ஆன்லைன்ல நாற்பது டாலருக்கு எடுத்துட்டேன், இது போதும்ல?"

டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன வருடம் இப்படித்தான் போன் செய்தான். அவன் அனுப்பிய பி.டி.எஃப்.பைத் திறந்து பார்த்தால் பதினோரு பக்கம். பத்துப் பக்கம் முழுக்க அவன் இருந்த பழைய அபார்ட்மென்ட் முகவரிகளும், அவனோடு அறையில் தங்கியிருந்தவர்களின் பெயர்களும்தான், கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு வரி: டி.டபிள்யூ.ஐ., நிலுவையில் உள்ளது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸுக்குச் சில மாநிலங்களில் அந்தப் பெயர், டி.யு.ஐ. என்பதும் அதுதான். கேஸ் தள்ளுபடியாகி அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது!

நம் ஆட்களுக்கு இந்தப் பேப்பர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2015 கடைசியிலிருந்து அமெரிக்க வெளியுறவுத் துறை, கடந்த ஐந்து வருடத்துக்குள் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானவர்களின் விசாவை ரத்து செய்கிறது. தீர்ப்பு வரவேண்டும் என்றுகூட இல்லை, கைது போதும். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை எச்1பி வேலைக்குப் பொதுவாகப் பாதிப்பில்லை, ஆனால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டுமானால் புது விசா வாங்க வேண்டும், அப்போது கேஸ் எப்படி முடிந்தது என்று முத்திரை போட்ட கோர்ட் பேப்பரைக் கேட்பார்கள். குடியுரிமை மனுவிலும் இதே கதைதான்.

சரி, எங்கே தேடுவது? நான் பார்த்தவரையில் ஐந்து வழி. கோர்ட்டின் ஆன்லைன் போர்ட்டல், கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க் கவுன்டர், மாநில போலீஸ் அல்லது மாநில கோர்ட் நிர்வாகம் தரும் குற்றப் பின்னணி அறிக்கை, டிரைவிங் ரெக்கார்டு, அப்புறம் அந்த நாற்பது டாலர் தளங்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேஸ் எண்ணைக் கண்டுபிடிக்க போர்ட்டல், பேப்பர் வாங்க கவுன்டர். மற்ற மூன்றில் முதல் இரண்டும் இவை கைகொடுக்காத நேரத்துக்குத்தான், கடைசி ஒன்று எந்த நேரத்துக்கும் இல்லை.

போர்ட்டல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேனே தவிர, மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்னைக் கேட்டால் விஸ்கான்சின்தான் முதலிடம். 72 கவுன்டி, எல்லாம் ஒரே தேடுபெட்டியில், இலவசம், 1999 முதல் நடக்கிறது. அங்கே இந்தக் குற்றத்துக்குப் பெயர் ஓ.டபிள்யூ.ஐ. கேஸ் எண்ணைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்: வருடம், அதன்பின் இரண்டு எழுத்து, அதன்பின் வரிசை எண். அந்த இரண்டு எழுத்து டி.ஆர். என்றால் சாதாரணப் போக்குவரத்து அபராதம், சி.டி. என்றால் கிரிமினல் டிராஃபிக், சி.எஃப். என்றால் ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். இதில் ஒரு வேடிக்கை, முதல் தடவை பிடிபட்டால் விஸ்கான்சினில் அது கிரிமினல் குற்றமே இல்லை. வண்டியில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் மட்டும் கதை மாறும். அதனால் முதல் கேஸ் டி.ஆர். என்று இருக்கும், கிரிமினல் கேஸ்களை மட்டும் வடிகட்டித் தேடுகிறவர் கண்ணில் படாது. அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. முதல் தடவை கேஸை ஊர் நகராட்சி கோர்ட்டிலேயே முடித்துவிடலாம், அப்படி முடிந்தால் இந்தப் போர்ட்டலில் வரவே வராது. இவ்வளவு நல்ல போர்ட்டலிலேயே "எதுவும் கிடைக்கவில்லை" என்று வந்தால் அதற்கு "எதுவும் இல்லை" என்று அர்த்தம் கிடையாது.

பென்சில்வேனியாவும் மோசமில்லை. 67 கவுன்டிக்கும் ஒரே தளம், டாக்கெட் ஷீட்டை, அதாவது கேஸின் நடவடிக்கைப் பட்டியலை, பி.டி.எஃப்.பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எண்ணின் நடுவில் வரும் இரண்டு இலக்கம் கவுன்டியைச் சொல்லும், 51 என்றால் பிலடெல்பியா, 02 என்றால் பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகேனி. பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரே கேஸுக்கு இரண்டு டாக்கெட் இருக்கும்: முதல் விசாரணை மேஜிஸ்டீரியல் மாவட்ட நீதிபதியிடம் ஒரு எண்ணில், பிறகு காமன் பிளீஸ் கோர்ட்டில் வேறு எண்ணில். முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "மேல் கோர்ட்டுக்குப் போனது" என்பதோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. முடிவு இரண்டாவதில்தான் இருக்கும்.

வட கரோலினா சமீபத்தில்தான் திருந்தியது. முன்பெல்லாம் கோர்ட் கட்டிடத்துக்குப் போய் பொது டெர்மினலில் உட்கார்ந்து தட்ட வேண்டும். 2023 பிப்ரவரியில் ராலி இருக்கும் வேக் உட்பட நான்கு கவுன்டிகளில் புதுப் போர்ட்டல் தொடங்கி, 2025 அக்டோபரில் 100 கவுன்டிக்கும் வந்துவிட்டது. கேரி, சார்லட் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இப்போது வீட்டிலிருந்தே வேலை முடிகிறது.

கலிபோர்னியா இதற்கு நேர் எதிர். 58 கவுன்டி, 58 சுப்பீரியர் கோர்ட், ஒவ்வொன்றுக்கும் தனித் தளம். மாநில கோர்ட் விதிப்படி கிரிமினல் கேஸின் ஆவணங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது, கோர்ட்டுக்குள் இருக்கும் கணினியில்தான் பார்க்கலாம். பெயர்ப் பட்டியலும் நடவடிக்கைப் பதிவும் சில கவுன்டிகளில் இணையத்தில் உண்டு. 2021-ல் ரிவர்சைடு கவுன்டி வழக்கில் மேல்முறையீட்டு கோர்ட் அதிலும் கை வைத்தது, பிறந்த தேதியையோ லைசென்ஸ் எண்ணையோ போட்டு ஆன்லைனில் தேட விடக்கூடாது என்று சொல்லிவிட்டது. சிறைக்குப் போய் வந்தவர்களின் உரிமைக்காகப் போராடியவர்களுக்கு அது வெற்றிதான், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் "குமார்" என்று தட்டினால் வரும் கூட்டத்தில் நம் குமார் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது. அங்கே நேரடியாக கவுன்டர்தான்: பக்கத்துக்கு 50 சென்ட் நகல் கட்டணம், தேட பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கூடுதலாக 15 டாலர்.

பெயர் விஷயம் வந்ததால் சொல்கிறேன், இது நமக்கென்றே வாய்த்த தலைவலி. எல்லாப் போர்ட்டலும் குடும்பப் பெயரைக் கேட்கும், நம்மிடம் இருப்பதோ அப்பா பெயரும் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால் விசாவில் முதல் பெயர் "எஃப்.என்.யு." என்று விழும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அதைப் பார்த்து போலீஸ்காரர் அப்படியே எழுதிவிட்டால் கோர்ட்டிலும் அதுவே உங்கள் திருநாமம். ஒரு கேஸை நான் நாற்பது நிமிடம் தேடினேன். ஆளின் பெயர் செந்தில்குமார், போர்ட்டலில் "குமார், செந்தில்" என்று இரண்டாக உடைத்து வைத்திருந்தார்கள். எனவே அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ஒரு தடவை, தன் பெயரை வைத்து ஒரு தடவை, சேர்த்து, பிரித்து, எஃப்.என்.யு. என்று, எல்லா விதமாகவும் தேடிப் பாருங்கள். சில தளங்களில் முதல் சில எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

டெக்சாஸுக்கு வருவோம், தம்பியின் கேஸ் அங்கேதான். 254 கவுன்டி. முதல் இரண்டு டி.டபிள்யூ.ஐ. சாதாரணமாக மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம், கவுன்டி அளவிலான கோர்ட்டில் நடக்கும். மூன்றாவது ஃபெலனி, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போகும். டல்லாஸ், காலின் கவுன்டிகளில் மிஸ்டிமீனர் பேப்பர் கவுன்டி கிளார்க்கிடம், ஃபெலனி டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸில் இரண்டுமே டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். தப்பான ஜன்னலில் அரைமணி நேரம் நின்றுவிட்டு "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்று கேட்பது நம்மூர் தாலுகா ஆபீஸுக்கு மட்டும் சொந்தமில்லை. மாநில போலீஸின் தளத்தில் சுமார் ஒரு டாலருக்குப் பெயர் தேடலாமே என்பார்கள். மலிவுதான். ஆனால் பொதுமக்களுக்கு அதில் காட்டுவது தண்டனையும் டெஃபர்டு அட்ஜுடிகேஷனும் (தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடுவது) மட்டும்தான், தள்ளுபடியான கேஸ் தெரியாது. தம்பிக்கு வேண்டியதோ தள்ளுபடி ஆனதற்கான அத்தாட்சி.

நியூயார்க்கில் இதே வகைத் தேடலுக்கு 95 டாலர், மாநிலம் முழுக்கத் தேடித் தரும். அங்கே இலவசத் தளமும் உண்டு, ஆனால் அடுத்த வாய்தா தேதி இருக்கும் கேஸ்களை மட்டும்தான் காட்டும், முடிந்துபோன கேஸுக்கு உதவாது.

கவுன்டி என்ற சொல்லையே மறக்க வேண்டிய மாநிலம் நியூ ஜெர்சி. அங்கே டி.டபிள்யூ.ஐ. கிரிமினல் குற்றமல்ல, போக்குவரத்து விதி மீறல். ஜூரி கிடையாது, அந்தந்த ஊர் முனிசிபல் கோர்ட்டிலேயே முடிந்துவிடும். எடிசனில் பிடிபட்டவர் மிடில்செக்ஸ் கவுன்டி கோர்ட்டில் போய்க் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்புவார், எடிசன் முனிசிபல் கோர்ட்டைத்தான் கேட்க வேண்டும். குற்றமே இல்லாததால் ரெக்கார்டை அழிக்கும் மனுவும் போட முடியாது, அது தனிக் கொடுமை. எந்த ஊர் என்றே மறந்துவிட்டால் 15 டாலர் கட்டி மோட்டார் வாகன ஆணையத்தில் டிரைவர் ஹிஸ்டரி எடுத்துப் பார்க்கலாம்.

டிரைவிங் ரெக்கார்டு உதவுவது இந்த மாதிரி இடத்தில்தான், வருடமும் ஊரும் மறந்தவர்களுக்கு ஒரு துப்பு. கலிபோர்னியாவில் அது பத்து வருடம் நிற்கும். ஆனால் கோர்ட் பேப்பருக்குப் பதில் இதைக் கொடுத்துவிடாதீர்கள். லைசென்ஸ் சஸ்பென்ஷன் நிர்வாக நடவடிக்கை, கோர்ட் கேஸ் வேறு தண்டவாளம். டெக்சாஸில் நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் விசாரணை கேட்காவிட்டால் லைசென்ஸ் முடங்கும், கேஸ் பின்னால் தள்ளுபடியானாலும் அந்த சஸ்பென்ஷன் ரெக்கார்டில் இருக்கும். விசா அதிகாரி கையில் அதை மட்டும் கொடுத்தால் பார்ப்பவருக்கு நீங்கள் குற்றவாளியாகத்தான் தெரிவீர்கள்.

காசு கேட்கும் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எப்போதோ மொத்தமாக வாங்கிய தகவலை வைத்துக்கொண்டு விற்கிறார்கள், கைது ஏறிய வேகத்தில் தள்ளுபடி ஏறுவதில்லை. பக்கத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் "வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ ஆளைச் சோதிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது" என்று அவர்களே எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

ஆக, கவுன்டர். தம்பியைக் கேஸ் எண்ணோடும் போட்டோ ஐ.டி.யோடும் நேரில் போகச் சொன்னேன். டெக்சாஸ் கவுன்டி கிளார்க்கிடம் சான்றுக்கு 5 டாலர், பக்கத்துக்கு 1 டாலர். அவன் கேட்டது இரண்டே ஆவணம்: குற்றச்சாட்டுப் பத்திரம், தள்ளுபடி உத்தரவு. மூன்று செட். கவுன்டரில் இருந்த அம்மா பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்பிள் பண்ணி, கடைசிப் பக்கத்தில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம், மொத்தம் இருபது நிமிடம். விரலால் தடவினால் முத்திரை மேடாகத் தட்டுப்படுகிறது என்று போட்டோ வேறு அனுப்பினான், போட்டோவில் எப்படித் தடவிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

மூன்று செட் ஏன் என்றால், அவனுடைய வக்கீல் அடுத்து எக்ஸ்பங்ஷன், அதாவது ரெக்கார்டை அழிக்கும் மனு போடப்போகிறார். அது கிடைத்ததும் கவுன்டி தன்னிடமுள்ள பேப்பரை அழித்துவிடும், அதன்பிறகு போய்க் கேட்டால் "அப்படி ஒரு கேஸே இல்லை" என்பார்கள். ஆனால், மன்னிப்போ வேறு நிவாரணமோ கிடைத்திருந்தாலும் கைதானது உண்டா என்றுதான் விசா படிவம் கேட்கிறது. உண்டு என்று எழுதவும் வேண்டும், காட்டப் பேப்பரும் இருக்காது. ஆகவே அழிக்கும் முன் வாங்கி வையுங்கள், போர்ட்டலில் தெரியும் பக்கத்தையும் அன்றே பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.

சென்னையில் அவனிடம் முத்திரை போட்ட செட்டை வாங்கிக்கொண்டு, மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பிவிட்டு, அதன்பிறகுதான் விசா கொடுத்தார்கள். ஐந்து வார லீவு ஒன்பது வாரமானது. திரும்பி வந்து கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்தால் அந்த நாற்பது டாலர் ஒரு தடவைக் கட்டணமே இல்லையாம், மாதச் சந்தா. இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள், ரிப்போர்ட்டில் கேஸ் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.