பூச்சி வலையும் கேள்வித்தாளும்: ஒரு இணையவழிப் படிப்பு எப்படி இருந்தது

மகரந்தச்சேர்க்கை ஆய்வு செய்கிற சூழலியல்காரர்களுக்குச் சமூக அறிவியலும் சேர்த்துச் சொல்லித் தருகிறோம் என்று ஒரு இணையவழிப் படிப்பு. முடித்துவிட்டேன். குறை சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். சேரலாம், ஆனால் பூச்சிக்காகச் சேராதீர்கள்.

பூச்சிப் பகுதி சுமார்தான். பூக்களுக்கிடையே ஒரே கோட்டில் நடந்து எண்ணுவது, மஞ்சள், நீலம், வெள்ளைக் கிண்ணங்களில் பூச்சி வந்து விழச் சோப்புத் தண்ணீர் வைப்பது, வலை வீசுவது, எல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பவை. கிண்ணத்தில் சின்னத் தேனீக்கள் நிறைய விழும், பெரியவை அவ்வளவாக விழாது, அதனால் ஒரே முறையை நம்பி எண்ணிக்கை சொல்லாதே என்று விளக்கிய இடம் மட்டும் உருப்படி.

சமூக அறிவியல் பகுதிக்கு வந்ததும் படிப்பே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சீனாவின் சிச்சுவானில் ஆப்பிள், பேரிக்காய்ப் பூக்களுக்கு மனிதர்கள் கையால் மகரந்தம் வைப்பதைத் தேனீ அழிந்துபோனதால் வந்த வினை என்றுதான் எங்கும் படித்திருப்போம். மருந்தடிப்பால் தேனீக்கள் குறைந்தது உண்மைதான், ஆனால் அதே மருந்துக்குப் பயந்து தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளை அங்கே கொண்டுவர மறுத்தது, சந்தையில் விலைபோகும் ரகத்தையே எல்லாரும் நட்டதால் அதற்கு மகரந்தம் கொடுக்கிற வேறு ரக மரங்கள் போதாமல் போனது, இதெல்லாம் விவசாயிகளிடம் உட்கார்ந்து பேசினால்தான் வெளியே வருகிறது, வலையை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் வராது.

கேள்வி எழுதுவது பற்றிய பாடம் இன்னும் நல்லது. ‘பூச்சிகளைக் காப்பது முக்கியம் என்று நினைக்கிறீர்களா?’ என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? அதற்குப் பதில், கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள், அப்போது செடி பூத்திருந்ததா, அன்றைக்கே அடிக்கலாம் என்று வீட்டில் யார் முடிவு செய்தது என்று கேட்கச் சொல்கிறார்கள். அந்தக் கடைசிக் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது.

இரண்டையும் சேர்க்கிற இடத்தில்தான் சொதப்பல். தேனீக்களை வயல் வயலாக எண்ணுகிறோம், பேட்டியை வீடு வீடாக எடுக்கிறோம், ஒரு வீட்டுக்கு நாலு இடத்தில் நிலம் இருக்கும், தேனீயோ சின்னதாக இருந்தால் சில நூறு மீட்டர், பெரியதாக இருந்தால் கிலோமீட்டர் கணக்கில் பறந்து இன்னொருவர் வயலுக்குப் போய்விடும். இதில் யார் சொன்ன பதிலை எந்த எண்ணிக்கையோடு பொருத்துவது? இதற்கு மொத்தமே ஒரு வீடியோ, அதுவும் அவசரமாக. படிப்பின் தலைப்பே இதுதான் என்கிறபோது எரிச்சல் வரத்தான் செய்கிறது.

மதிப்பெண்ணைச் சக மாணவர்கள் போடுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் சூழலியல்காரர்கள் என்பதால், ஆழமாக எடுத்த பேட்டிகளைப் பார்த்தும் ‘மாதிரி அளவு போதாது’, அதாவது பேட்டி எடுத்த ஆட்கள் குறைவு, என்றே எழுதி வைக்கிறார்கள். கண்டுகொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே பூச்சி தெரிந்தவர் என்றால் முதல் பாதியைத் தாண்டிவிடுங்கள். அப்புறம், பேட்டி கொடுப்பவரிடம் வாங்கும் ஒப்புதல் படிவ மாதிரியும், மனிதர்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவதும் கடைசிப் பாடத்தில் இருக்கின்றன, அதை முதலிலேயே பாருங்கள். அனுமதி வர நாளாகும், பூக்கும் பருவம் அதுவரை காத்திருக்காது.