பனியை மழை என்று நம்பும் விசிறி

டல்லாஸில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். "டேய், உன் கேம்பர்ல இருக்கிற ஃபேன் இதுதானே? விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு." அந்த விசிறிக்கு அடியில் மூன்று வருடமாகப் படுத்துத் தூங்குகிறவனிடம், அதாவது தூங்க முயல்கிறவனிடம், ஒரு வார்த்தையில் பதில் கேட்டால் எப்படி? கேம்பர் என்றால் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும், கட்டிலும் அடுப்பும் உள்ள சின்ன வீடு.

ஊரில் சொந்தக்காரர்களிடம் கேம்பர் சீலிங் ஃபேன் என்று சொன்னால் கொக்கியில் தொங்கும் மூன்று இறக்கையைத்தான் நினைக்கிறார்கள். இது வேறு ரகம். கூரையில் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் சதுர ஓட்டை, அதில் 12 வோல்ட் விசிறி, அதற்கு மேல் ஒரு மூடி. அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலும் இதே அளவு ஓட்டைதான் என்பதால் எந்தக் கம்பெனி விசிறியையும் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

பழையது உடைந்தது என் தவறு. டெக்சாஸ் கடற்கரை ஊரான கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து 37-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே வரும்போது மூடியை மூட மறந்திருந்தேன். "ஏங்க, மேல அந்த மூடிய…" என்று மனைவி ஆரம்பித்து முடிப்பதற்குள் பக்கக் கண்ணாடியில் வெள்ளையாக என்னவோ பறந்து போனது. பல வருடம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக். மிச்சமிருந்த துண்டைத் தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கியது. மூடியை மட்டும் மாற்றியிருந்தால் சில்லறைச் செலவோடு போயிருக்கும். ஆனால் மோட்டாரும் துருப்பிடித்து முனகிக்கொண்டிருந்தது. தவிர, அதற்கு முந்தைய கோடையில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு நடக்கப் போய், திரும்பி வந்தபோது மெத்தை தெப்பமாக நனைந்திருந்தது. அதனால் ரிமோட், மழை பெய்தால் தானே மூடிக்கொள்ளும் சென்சார் எல்லாம் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன்.

மாட்டியது தனிக் கதை. ஸ்க்ரூ தலையெல்லாம் சதுரக் குழி. வீட்டிலிருந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் எதுவும் உதவவில்லை. முந்தைய உரிமையாளர் கசிவை அடைக்கச் சிலிக்கோன் பசையைப் பூசி வைத்திருந்தார். புண்ணியவான். சிலிக்கோன் மேல் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கூரையோ ரப்பர். பெட்ரோலிய வகைத் தின்னர் பட்டால் உப்பிவிடும், இரும்புச் சுரண்டி பட்டால் கிழியும். பிளாஸ்டிக் சுரண்டியோடு அரை நாள் குப்புறக் கிடந்தேன்.

அப்புறம் வயர். காரில் கருப்பு என்றால் நெகட்டிவ். கேம்பரின் 12 வோல்ட் வயரிங்கிலோ பல வண்டிகளில் கருப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தேன். ஃப்யூஸ் போனதோடு தப்பித்தேன். மல்டிமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. கடைசியில் விளிம்புக்கு அடியில் பிசுபிசுப்பான பியூட்டைல் டேப், மேலே தானாகப் பரவி இடுக்கை அடைக்கும் சீலன்ட். தோசை மாவு பதத்தில் வழிந்து ஸ்க்ரூ தலைகளை மூடிக்கொள்வதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு டியூப் போதும் என்று நினைத்தேன். முக்கால் சுற்றில் தீர்ந்துவிட்டது.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த விசிறி வந்த பிறகு கேம்பரில் பயமில்லாமல் தாளிக்கிறோம். அடுப்புக்கும் கட்டிலுக்கும் புகை அலாரத்துக்கும் நடுவில் இரண்டு எட்டு தூரம்கூடக் கிடையாது. முன்பு ரசத்துக்கு மிளகாய் கிள்ளிப் போட்டாலே அலாரம் ஊளையிடும். அதன் அடியில் நின்று துண்டு வீசுவது மகளின் வேலை. இப்போது கட்டிலுக்கு மேலுள்ள ஜன்னலை மட்டும் நாலு விரல் திறந்துவிட்டு, விசிறியை வெளியே தள்ளும் திசையில் வைத்தால், நெடி நேரே மேலே போய்விடுகிறது. எல்லா ஜன்னலையும் திறந்தால் இது நடக்காது. விசிறி பக்கத்து ஜன்னல் காற்றையே இழுத்துக்கொண்டு சும்மா இருக்கும். தூரத்து ஜன்னல் ஒன்று, அது போதும். ராத்திரி அதே ஜன்னல் வழியாகக் காற்று நம் மேல் தடவிக்கொண்டு போகும். குறைந்த வேகத்தில் என் மீட்டரில் அரை ஆம்பியர்கூடக் காட்டவில்லை. 13,500 பிடியு குளிரூட்டும் திறனுள்ள ஏசிக்கு ஜெனரேட்டர் வேண்டும், இதற்கு ஒரு பேட்டரி போதும். மோட்டார் சத்தமும் காதுக்கு இதம். மோட்டாரைப் பற்றி ஒரு குறையும் கிடையாது.

இனி சென்சார்.

நாங்கள் அடிக்கடி போவது பாட்ரே தீவு தேசியக் கடற்கரை. அங்கே மலாக்கீட் முகாமில் மின் இணைப்பு கிடையாது, ஏசியை மறந்துவிட வேண்டியதுதான். விசிறிதான் கதி. முதல் தடவை போனபோது ராத்திரி இரண்டு மணிக்குத் தலைக்கு மேல் "கிர்ர்ர்ர்" என்று சத்தம். மூடி மெதுவாக இறங்கி உட்கார்ந்தது, விசிறி நின்றது. மழையோ என்று வெளியே போனால் வானம் முழுக்க நட்சத்திரம். திரும்ப வந்து வியர்வையில் புரண்டுகொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து மறுபடி "கிர்ர்ர்ர்". திறந்துகொண்டது. கண் அசந்த நேரத்தில் மறுபடி மூடியது. விடியும்வரை இதே கூத்து.

சென்சார் என்பது ஒன்றுமில்லை, பக்கத்தில் பக்கத்தில் ஓடும் உலோகக் கோடுகள். நடுவில் தண்ணீர் நின்றால் மின்சாரம் பாயும், மூடி இறங்கும். தெளிவான வானம் உள்ள இரவில் கூரை வேகமாகக் குளிர்ந்து, மெக்சிகோ வளைகுடாவின் ஈரக் காற்று அதன்மேல் பனியாகப் படிகிறது. அந்தப் பனித்துளி போதும் இதற்கு. சரி, பனிதானே என்று பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது பயணத்தில் பட்டப்பகலிலேயே மூட ஆரம்பித்தது. ஏறிப் பார்த்தால் கோடுகளுக்கு நடுவில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மழைக்காலத்தில் ஜாடி உப்பு தானாகக் கசியுமே, அதே கதைதான். காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பு இழுத்துக்கொண்டு, மழை மழை என்று பொய் சாட்சி சொல்கிறது.

ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் ஒரு ராத்திரி தாங்கும். கடற்கரையில் தினமும் சாயங்காலம் ஏணி போட்டு ஏறிச் சென்சாரைத் துடைப்பதற்கா விடுமுறை எடுத்துக்கொண்டு போகிறோம்? கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "சென்சார் வடிவமைத்தபடியே இயங்குகிறது" என்று பதில் வந்தது. அந்த வரியைப் படித்ததும் சென்சார் வயரை உருவி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தேவலோகத் தூக்கம், இரண்டு மாதத்துக்கு. அப்புறம் கார்னர் ஸ்டேட் பார்க்கில் நாங்கள் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. மெத்தை மறுபடி தெப்பம். மனைவி எதுவும் சொல்லவில்லை, ஈர மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினாள். இத்தனைக்கும் அந்த விசிறியில் இருக்கும் சென்சார்தான் விலையை அவ்வளவு ஏற்றியது.

நண்பனுக்கு ஒரே வார்த்தையில் எழுதினேன்: "வேண்டாம்." கையால் சுற்றித் திறக்கும் சாதா மாடலை வாங்கச் சொன்னேன். அடுத்த நிமிடமே பதில்: "நேத்தே ஆர்டர் பண்ணிட்டேன்டா. மாட்டித் தர வருவியா?"

சதுர பிட்டும் பிளாஸ்டிக் சுரண்டியும் நான் கொண்டு வருகிறேன், சீலன்ட் மட்டும் இரண்டு டியூப் வாங்கி வை என்றேன்.