பரங்கிமலை யூனிபார்ம் தையல் கடை: பையனுக்கு ப்ளேசர் தைக்கப் போன அனுபவம்

முதல்ல கடையைப் பத்தி சொல்லிடறேன். சென்னை பரங்கிமலை ஸ்டேஷன்ல இறங்கி கன்டோன்மென்ட் பக்கமா நடந்தா ஒரு பதினஞ்சு நிமிஷம். பெரிய போர்டெல்லாம் கிடையாது, கண்ணாடி ஷோகேஸ்ல நாலு பீக் கேப்பு, ரிப்பன், பட்டன், லேன்யார்டு வெச்சிருப்பாங்க, அதான் அடையாளம். உள்ள மூணு மெஷின், ஒரு நீள கட்டிங் டேபிள். கடை வெச்சிருக்கறவர் ஆர்மில 28 வருஷம் இருந்து சுபேதாரா ரிட்டையர் ஆனவர். கட்டிங் மாஸ்டரும் ஆர்மிதான், ரெஜிமென்ட்லயே டெய்லரா இருந்து ஹவில்தாரா வெளிய வந்தவர், அறுபது வயசுக்கு மேல இருக்கும். இவங்க ரெண்டு பேருக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

என் பையன் ஓடிஏல ட்ரெய்னிங்ல இருந்தான். தெரியாதவங்களுக்கு, இங்க பரங்கிமலைல இருக்கற ஆர்மியோட ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி, 1963ல ஸ்கூல்னு ஆரம்பிச்சு 1988லேருந்து அகாடமி ஆச்சு, 49 வாரம் ட்ரெய்னிங், முடிச்சா லெப்டினென்ட். கடைசி டெர்ம்ல ஞாயித்துக்கிழமை லிபர்ட்டி, அதாவது வெளிய போய்ட்டு வர அனுமதி, கிடைக்கும்னு சொன்னான், நான் திருச்சிலேருந்து ராத்திரி பஸ் புடிச்சு வந்துட்டேன். அவனுக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் கிடைச்சிருந்தது, சேதி வந்து ஒரு வாரம்தான் ஆயிருந்தது. ரெஜிமென்ட் பட்டன் போட்டு ஒரு ப்ளேசர், ரெண்டு பேன்ட், நேம் டேப், இதெல்லாம் தைக்கணும்னு சொன்னான், அவன் கூட படிக்கற பையன் ஒருத்தன் இந்தக் கடையைச் சொல்லியிருக்கான்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல ஒரு கோட்டு தைக்கக் கொடுத்து தோள்பட்டை ரெண்டும் ரெண்டு ஒயரத்துல வந்துடுச்சு, பணத்தையும் திருப்பித் தரல, அதனால நான் கொஞ்சம் கவனமாத்தான் போனேன். இங்க அளவு எடுக்கற விதத்துலயே தெரிஞ்சுடுச்சு. மாஸ்டர் பையனை சும்மா நிக்க வெச்சு ஒரு தடவை அளந்தார், அப்பறம் அட்டென்ஷன்ல நிக்கச் சொல்லி இன்னொரு தடவை. ஏன்னு கேட்டேன். "சாதாரணமா நிக்கறப்ப ஒரு அளவு, நெஞ்சை நிமித்துனா முதுகு ஒரு இன்ச்சு கொறையும், முன்னாடி ஒரு இன்ச்சு கூடும், இவங்க பாதி நேரம் அப்படித்தானே நிப்பாங்க"ன்னார். எந்தத் தோள் கொஞ்சம் எறக்கம்னு அவரே கண்டுபுடிச்சு நோட்ல குறிச்சுக்கிட்டார். நாப்பது வருஷத் தொழில், கையில இருக்கு.

தகராறு டெலிவரி தேதில வந்துச்சு. மாஸ்டர் அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறுன்னார். பையனுக்கு புதன்கிழமையே வேணும், யாராவது வந்து வாங்கிக்குவாங்கன்னான். மாஸ்டர் கையில இருக்கற ஆர்டரைக் காட்டி முடியாது தம்பின்னார். அவன் குரல் ஒசந்துடுச்சு. "மாஸ்டர், புதன்னா புதன். நாளைக்கு நான் ஆபீசர், ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்ல வைக்காதீங்க"ன்னான். எனக்கு அப்படியே நெஞ்சு திக்குனு ஆச்சு. வீட்ல அவன் அப்படிப் பேசற பையன் இல்ல. தூக்கமில்லாம வந்திருப்பான், பத்து மாசமா ஒடம்பை ஒடிச்சிருக்காங்க, எல்லாம் எனக்குப் புரியுது, ஆனா அந்த மனுஷன் அவங்க தாத்தா வயசு. மாஸ்டர் ஒண்ணும் சொல்லல. டேப்பை கழுத்துல போட்டுக்கிட்டு "சரிங்க சார்"னு மட்டும் சொல்லிட்டு மெஷின்ல போய் உக்காந்துட்டார்.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சுபேதார் ஐயா கவுன்டர்லேருந்து "சார், ஒரு நிமிஷம் இங்க வாங்க"ன்னு பையனைக் கூப்ட்டார். கோவமே இல்ல, நெஜமான மரியாதையோட கூப்ட்டார். கண்ணாடிக்குக் கீழ இருக்கற ட்ராயரைத் தொறந்து ரெண்டு ஷோல்டர் பட்டை எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சார். ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு ஸ்டார். ஒண்ணுல மட்டும் ஸ்டார் கூட செகப்பு மஞ்ச செகப்புன்னு ஒரு சின்ன ரிப்பன் கோடு குறுக்க ஓடுது.

"இதுல உங்களோடது எது சார்?"

பையன் ரிப்பன் இல்லாததைக் காட்டுனான்.

"இன்னொன்னு?"

"சுபேதாரோடது சாப்."

அந்த சாப்ங்கற வார்த்தை அவன் வாயில தானா வந்துச்சு, அத கவனிச்சேன். சிப்பாய்க்கும் ஆபீசருக்கும் நடுவுல இருக்கற சுபேதார் மாதிரி பதவிங்களுக்கு ஜேசிஓ, ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்னு பேரு; அவங்க எல்லாரையும் ஆபீசருங்க சாப்னுதான் கூப்புடணும், வெறும் பேரை மட்டும் சொல்லிக் கூப்புட மாட்டாங்க, அத அங்க முதல் நாள்லேருந்து சொல்லிக் கொடுக்கறாங்களாம். அகாடமில ட்ரெய்னிங் கொடுக்கற உஸ்தாதுக்கு, யூனிட் சுபேதாருக்கெல்லாம் தெரிஞ்ச மரியாதை, மெஷின்ல உக்காந்திருக்கற பழைய ஹவில்தாருக்கு வரல, அவ்வளவுதான் நடந்தது.

ஐயா சொன்னதை எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுதறேன். "இந்த ரெண்டு ஸ்டாரு எனக்கு வர 23 வருஷம் ஆச்சு, உங்களுக்கு 49 வாரத்துல வருது. அதுல தப்பே இல்ல சார், நீங்க பரீட்சை எழுதி எஸ்எஸ்பி இன்டர்வியூ பாஸ் பண்ணி வந்தீங்க, உங்க வேலை வேற என் வேலை வேற, நாளைக்கு தப்பா போனா பதில் சொல்ல வேண்டியது நீங்க. ஆனா பிளாட்டூன்ல முதல் நாள் போய் நிக்கறப்ப உங்க பக்கத்துல இந்த ரிப்பன் போட்ட ஆளுதான் நிப்பாரு. எவன் அம்மாவுக்கு ஆபரேஷன், எவன் லீவு கேக்கக் கூச்சப்படறான், எவன் கால்ல கொப்புளத்தை மறைச்சுக்கிட்டு நடக்கறான், எல்லாம் அவருக்குத் தெரியும். நீங்க கேட்டா சொல்லுவாரு. அதட்டுனா 'சரி சார்'னு மட்டும் சொல்லுவாரு. இப்ப மாஸ்டர் சொன்னாரே, அதே 'சரி சார்'."

பையன் ஒண்ணும் பேசல. காது ரெண்டும் செவந்துடுச்சு.

இந்த எடத்துல என் விஷயம் ஒண்ணு சொல்லணும். நான் ஒரு ஃபேக்டரில ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். ஒரு சமயம் புதுசா ஒரு இன்ஜினியர் தம்பி வந்தாரு, நல்லா படிச்சவரு, கெட்டவரும் இல்ல. ஒரு மெஷின்ல பேரிங் சத்தம் மாறியிருக்குன்னு நான் போய் சொன்னேன், "ஷெட்யூல்ல இருக்கறதை மட்டும் பாருங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. நானும் சரி சார்னுட்டு வந்துட்டேன். அன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல ஷாஃப்ட் ஒடஞ்சுது. நல்லவேளையா யாருக்கும் அடி படல. ஆனா இன்னொரு தடவை போய் சொல்லியிருக்கணும், ரோஷத்துல சொல்லாம விட்டேன், அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. அதனால மாஸ்டர் போய் மெஷின்ல உக்காந்த விதம் எனக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச விதம். இப்ப அந்த இன்ஜினியர் எடத்துல என் பையன் நிக்கறான்.

ஐயா டீ வரவழைச்சார். அப்பறம் பேச்சு நல்லபடியா ஓடுச்சு. அவர் ஹவில்தாரா இருந்தப்ப டேராடூன் அகாடமில மூணு வருஷம் டிரில் உஸ்தாதா இருந்திருக்கார். காலைல அவர் சொன்னா ஜிசிங்க, அதாவது ட்ரெய்னிங்ல இருக்கற கேடட் பசங்க, சேத்துல ஃப்ரன்ட் ரோல் அடிக்கணும், அதே பசங்களுக்கு கமிஷன் ஆன நிமிஷத்துலேருந்து அவர் சல்யூட் அடிக்கணும். கஷ்டமா இருக்காதான்னு கேட்டேன். "நான் வளத்த பையனுக்குத்தானே சல்யூட் அடிக்கறேன், அதுல என்ன கஷ்டம், சல்யூட் சரியா திருப்பி அடிக்கறானான்னுதான் பாப்பேன்"னு சிரிச்சார். சோம்பேறித்தனமா கையைத் தூக்குனா அன்னிக்குப் பூரா மனசு கெட்டுடுமாம்.

இன்னொரு பக்கத்தையும் அவரே சொன்னார், அதுதான் எனக்குப் புடிச்சது. சில பழைய ஜேசிஓ புது லெப்டினென்ட்டை சின்னப் பையன்னு ஓரம் கட்டிட்டு தானே பிளாட்டூனை ஓட்டுவாங்களாம், அதுவும் தப்புன்னார். எல்லாத்துக்கும் "சாப் நீங்களே பாத்துக்கோங்க"ன்னு விட்டுட்டு ரூம்ல போய் உக்காந்துக்கற ஆபீசரையும் ஜவான்கள் மதிக்க மாட்டாங்க. கேட்டுக்கணும், கேட்டதுக்கப்பறம் முடிவை ஆபீசர்தான் எடுக்கணும், எடுத்த முடிவு சுபேதார் சொன்னதுக்கு மாறா இருந்தாலும் சுபேதார் அதைத் தன் முடிவு மாதிரி ஜவான்கள்கிட்ட கொண்டு போவார், வெளிய முகத்துல காட்டிக்க மாட்டார். நிறைய இன்ஃபன்ட்ரி பட்டாலியன்ல புது ஆபீசரை கொஞ்ச நாள் ஜவான்கள் கூடவே பாரக்ல தங்க வெச்சு அவங்க சாப்பிடற லங்கர்லயே சாப்பிட வைக்கறது இதுக்காகத்தானாம்.

இந்த ஜேசிஓங்கற பதவியே வெள்ளைக்காரன் காலத்துல வந்தது. அப்ப வைஸ்ராய் கமிஷன்னு பேரு, ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இங்கிலீஷ் ஆபீசருக்கும் நம்மூர் சிப்பாய்க்கும் நடுவுல பாஷை தெரிஞ்ச, ஆளு தெரிஞ்ச ஒருத்தர் வேணும்னு வெச்சது. சுதந்திரத்துக்கு அப்பறம் பேர் மாறுச்சு, ஜமேதார் மட்டும் 1965 வரைக்கும் இருந்து நாயிப் சுபேதார் ஆனார். வெள்ளைக்காரன் போயும் அந்த நடு எடம் போகல பாருங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாயை ஆர்மி முழுக்க 'தம்பி'ன்னுதான் சொல்வாங்களாம், 1758லேருந்து இருக்கற ரெஜிமென்ட், சென்டர் வெலிங்டன்ல. "அந்த தம்பிங்க உங்களுக்குக் கெடைக்கறது உங்க அதிர்ஷ்டம் சார், நல்லா பாத்துக்கோங்க"ன்னார். அவரும் அதே ரெஜிமென்ட்.

கெளம்பறப்ப பையன் தானாவே மாஸ்டர் மெஷின்கிட்ட போனான். நான் சொல்லல. "சாரி உஸ்தாத், நீங்க சொன்ன ஞாயிறே தாங்க"ன்னான். மாஸ்டர் கண்ணாடியைக் கழட்டிட்டு அவனைப் பாத்து, "எடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கு, ரைஃபிள் பக்கம் பாத்துக்க தம்பி"ன்னார். அதுக்கு மேல அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசல.

இப்ப தையலுக்கு வரேன். ப்ளேசர் சொன்ன தேதில ரெடியா இருந்தது. தோள் ரெண்டும் ஒரே மட்டம், எறங்குன பக்கம் உள்ள மெல்லிசா ஒரு பேட் வெச்சிருக்கார், தொட்டுப் பாத்தாத்தான் தெரியுது. பட்டன்ல ரெஜிமென்ட் சின்னமான யானை எல்லாம் நேரா நிக்குது, ஒண்ணு கூட திரும்பல, நூலைச் சுத்தி தண்டு கட்டித் தெச்சிருக்கார், இழுத்தாலும் ஆடல. பேன்ட் ஃபால் அருமை. ப்ளேசர் தையல் கூலி 4500, துணி தனி, பேன்ட் ஒண்ணு 700. கம்மின்னு சொல்ல மாட்டேன், வேலைக்குத் தகுந்த காசு.

இன்னொரு நல்ல விஷயம், 2022ல வந்த புது டிஜிட்டல் காம்பேட் டிசைன் துணி இங்க கிடையாது. டிசைன் உரிமை ஆர்மிகிட்ட இருக்கு, வெளிய விக்கக் கூடாது, நாங்க விக்க மாட்டோம்னு எழுதி ஒட்டியிருக்காங்க. ஆல்ட்டரேஷன்னா கூட ஐடி கார்டு பாத்துட்டுத்தான் கையில வாங்கறாங்க. நான் இருந்தப்பவே ஒருத்தர் போட்டோ எடுக்க ஒரு செட் வாடகைக்குக் கேட்டு வந்தார், தன்மையாப் பேசி அனுப்பிட்டாங்க.

கொறைன்னா, ட்ரையல் ரூம் ஒரு ஆள் திரும்பக் கூட எடம் இல்ல, ஃபேன் கெடையாது. ஃபோன் பண்ணா எடுக்க மாட்டாங்க, நேர்ல போகணும். நேம் டேப்ல பேர்ல ஒரு எழுத்து விட்டுட்டாங்க, ஹிந்தி எழுத்துல, பையன் பாத்து சொன்னான், அங்கயே ஒக்காந்து அரை மணி நேரத்துல மாத்திக் கொடுத்தாங்க, காசு வாங்கல. பார்க்கிங் ரொம்ப கஷ்டம், ட்ரெய்ன்ல போறது பெட்டர்.

பாசிங் அவுட் பரேட் முடிஞ்ச அன்னிக்கு மத்தியானம் பாக்கிப் பணம் கொடுக்கப் போனோம். பரேட் நடந்தது பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர்ல, இதே அகாடமில படிச்சு 1987ல இலங்கையில உயிரை விட்ட பரம்வீர் சக்ரா மேஜர் பரமேஸ்வரன் பேர் வெச்ச மைதானம். நானும் என் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு தோள்ல ஸ்டாரை மூடியிருந்த துணியை எடுத்தோம், எனக்கு அந்த ட்ராயர்ல பாத்த ரெண்டு பட்டையும்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. கடைக்குள்ள நொழஞ்சதும் சுபேதார் ஐயா கவுன்டரை விட்டு வெளிய வந்து வெறப்பா நின்னு "ஜெய்ஹிந்த் சார்"னார். மாஸ்டரும் மெஷினை நிறுத்திட்டு எழுந்து நின்னார். பையன் சல்யூட் அடிச்சான், மணிக்கட்டு நேரா, முழங்கை கரெக்ட்டா, ஒரு செகண்ட் கூடவே வெச்சு எறக்குனான். ஐயா அவனோட முழங்கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தார்.

பரேட் நடக்கற வாரத்துல புது ஆர்டர் எடுக்கறதில்ல, அளவு ஒரு மாசம் முன்னாடியே கொடுத்துடுங்க. ப்ளேசர் உள் பாக்கெட்ல யானை போட்ட எக்ஸ்ட்ரா பட்டன் ஒண்ணு பேப்பர்ல மடிச்சு வெச்சிருப்பாங்க, டிரை க்ளீனிங் போடறதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துடுங்க.