வேலி ஆஃப் ஃபயர் ஒருநாள் சுற்றுலா: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

லாஸ் வேகாஸின் விடுதி வீதியான ஸ்ட்ரிப்பில் மேசை போட்டு விற்கிறார்களே, நெவாடாவின் பாலைவனப் பாறைப் பூங்காவான வேலி ஆஃப் ஃபயருக்குச் சுற்றுலா, அதில் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு இதையே செய்கிறவர்கள் வேறும் உண்டு, அதனால் ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

விளம்பரத்தில் போட்டிருந்தது: ஆறு மணி நேரம், பழங்குடிப் பாறைச் செதுக்கல்கள், ஃபயர் வேவ் நடை, ஒயிட் டோம்ஸ் நடை, குடிநீர், மதிய உணவு. ஜூலை மாதத்துக்கு ஆளுக்கு 139 டாலர். நடந்தது: செதுக்கல்கள் உள்ள 'அட்லாட்டில்' என்ற பாறையில் இருபது நிமிடம், சாலையோரம் இரண்டு இடத்தில் நிறுத்திப் படம் எடுத்தது, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, ஒரு குளிர்ந்த சாண்ட்விச். நுழைவுக் கட்டணம் என்று சொல்லி வண்டிக்குள்ளேயே தலைக்கு 15 டாலர் ரொக்கமாக வாங்கினார்கள். நடை இரண்டுமே இல்லை. கேட்டதற்கு, "பூங்காக்காரர்கள் இன்றைக்குத் திடீரென்று மூடிவிட்டார்கள்" என்றார் ஓட்டுநர்.

திடீரென்று ஒன்றும் இல்லை. ஃபயர் வேவ், செவன் வொண்டர்ஸ், ஒயிட் டோம்ஸ் உள்ளிட்ட பல பாதைகளைப் பூங்கா நிர்வாகமே கோடை முழுக்க, செப்டம்பர் கடைசி வரை, வெயிலுக்காக மூடிவைக்கிறது. பட்டியலும் தேதியும் நெவாடா மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் இருக்கும். அங்கே கோடைப் பகலில் 100 பாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். 120 வரை, அதாவது 49 செல்சியஸ் வரைகூடப் போகும். ஃபயர் வேவ் பாதையில் நிழல் என்பதே கிடையாது, மேலிருந்து வெயிலும் கீழிருந்து பாறைச் சூடும் சேர்ந்து அடிக்கும். 2023 ஜூலையில் இந்தப் பூங்காவில் நடக்கப் போன இரண்டு பெண்கள் இறந்த நிலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஆகவே மூடுவதில் தவறே இல்லை. மூடியிருக்கும் மாதத்துக்கு அந்த நடையின் பெயரைப் போட்டுப் பணம் வாங்குவதுதான் மோசடி. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் யாராவது ஃபயர் வேவ் நடையை விற்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அக்டோபருக்குப் பிறகு என்றால் சரியா? அப்போது நேரக் கணக்கில் கைவைப்பார்கள். "ஆறு மணி நேரம்" என்பது உங்கள் விடுதி வாசலில் தொடங்குகிறது. மற்ற விடுதிகளுக்குப் போய் ஆட்களை ஏற்றவே முக்கால் மணி நேரம் போய்விடும். நகரத்திலிருந்து பூங்கா ஏறக்குறைய 50 மைல். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வழியில் ஐ-15 நெடுஞ்சாலையின் 75ஆம் எண் வெளிவழியில் (exit) உள்ள கடையில் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். திரும்பியதும் ஆட்களை இறக்க இன்னொரு அரை மணி. மிச்சம் இரண்டேகால் மணி நேரம்தான். ஃபயர் வேவ் போய்வர ஒன்றரை மைல். மணலிலும் சரிவான பாறையிலும் படம் எடுத்துக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒயிட் டோம்ஸ் சுற்று ஒரு மைலுக்குச் சற்று அதிகம், அதற்கும் ஒரு மணி நேரம் வேண்டும். செதுக்கல்கள் இருக்கும் மௌஸஸ் டேங்க் பாதை போய்வர முக்கால் மைல்தான், ஆனால் கால் புதையும் மணல், நின்று நின்று பார்க்க வேண்டிய இடம். மூன்றையும் இரண்டேகால் மணி நேரத்தில் காட்ட யாராலும் முடியாது. எனவே மொத்த நேரத்தைக் கேட்காதீர்கள். "பூங்காவுக்குள் எத்தனை மணி நேரம், என் தேதியில் எந்தெந்தப் பாதை" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

நுழைவுக் கட்டண விஷயம் இன்னும் எளிது. தனியார் காரில் போனால் கட்டணம் வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல: நெவாடா எண் பலகை என்றால் 10 டாலர், வெளிமாநில எண் என்றால் 15. (வாடகைக் காரில் போகிறவர்கள் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேகாஸில் எடுத்த காரிலும் வேறு மாநில எண் இருக்கும்.) அந்த 15 என்ற எண்ணை எடுத்துத்தான் தலைக்கு 15 என்று திரித்திருக்கிறார்கள். சுற்றுலா நிறுவனம் பூங்காவுக்கு என்ன கட்டினாலும் அது சொன்ன விலைக்குள் அடங்க வேண்டும். தனியாகக் கேட்டால் பூங்காவின் ரசீதைக் கேளுங்கள்.

இதோடு "தேசியப் பூங்கா அட்டை இருந்தால் கட்டணம் இல்லை" என்றும் மேசையில் சொல்லி விற்கிறார்கள். இது மாநிலப் பூங்கா, அந்த அட்டை இங்கே செல்லாது. நார்த்ஷோர் சாலை வழியாக வந்தால் லேக் மீட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியைக் கடக்க வேண்டும். அட்டை செல்லுவது அங்கேதான். அட்டை இல்லாமல் சொந்தமாகக் காரோட்டுகிறவர்கள் அந்த வழியில் போனால் இரண்டு கட்டணம். ஐ-15 வழியே போதும்.

செதுக்கல்களைக் காட்டிய விதம்தான் எரிச்சலின் உச்சம். "வண்ணம் தீட்டியது" என்று விளக்கம் சொன்னார் வழிகாட்டி. வண்ணமே இல்லை. பாலைவனப் பாறையின் மேல் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்து கருமையான மெல்லிய படலம் உருவாகும். அதைக் கல்லால் கொத்தி எடுத்தால் அடியிலுள்ள வெளிர் மணற்கல் தெரியும். கோடும் உருவமும் அப்படி வந்தவை. அட்லாட்டில் என்பது ஈட்டியை விசையோடு எறிய உதவும் கோல். அந்த உருவம் இருப்பதால்தான் பாறைக்கு அந்தப் பெயர். இரும்புப் படிக்கட்டில் ஏறிப் பார்க்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, படத்தில் தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீரைத் தெளித்து விரலால் கோட்டைத் தேய்த்துக் காட்டினார். தொடுவது, நனைப்பது, சுண்ணக்கட்டி பூசுவது எல்லாமே செதுக்கலைக் கெடுக்கும். உச்சி வெயிலில் கோடுகள் மங்கித்தான் தெரியும்; காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் தானாகவே எடுத்துக் காட்டும். பதினொரு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தியதற்குத் தண்ணீர் தெளிப்பது பரிகாரம் இல்லை.

"சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகு நட்சத்திரம் பார்க்கலாம்" என்ற விற்பனைக்கும் இதே கதி. பகல் பார்வையாளர்களுக்குப் பூங்கா சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான். உள்ளே முகாமிடுகிறவர்கள் மட்டும் இரவில் இருக்கலாம். பாதி விலை, இலவசம் என்று தெருவில் கூப்பிடும் மேசைகள் பெரும்பாலும் டைம்ஷேர் (விடுமுறை விடுதியைப் பலருக்கு நாள் பங்காக விற்பது) விற்பனைக் கூட்டத்துக்கு ஆள் பிடிப்பவை. அரை நாள் அங்கேயே போய்விடும்.

கார் ஓட்டத் தெரிந்தால் சுற்றுலா வண்டியே தேவையில்லை. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, 75ஆம் எண் வெளிவழியில் நிரப்பிக்கொள்ளுங்கள். கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: கடன் அட்டையில் கட்டியிருந்தால் வழி உண்டு. வாக்களித்த சேவை தரப்படவில்லை என்று வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அமெரிக்கக் கடன் அட்டை என்றால், அந்தக் கட்டணம் இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள் அவகாசம். நடைகளின் பெயர் தெரியும்படி விளம்பரத்தின் படம், உங்கள் தேதி உள்ள ரசீது, அந்தத் தேதியில் பாதைகள் மூடியிருப்பதைக் காட்டும் பூங்காத் துறைப் பக்கத்தின் படம், மூன்றையும் இணையுங்கள். விற்றவர் ஒருவர், வண்டி ஓட்டியவர் இன்னொருவர் என்று கைகாட்டுவார்கள். கணக்கறிக்கையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்மேல்தான் புகார் போக வேண்டும்.