ரெல்பிப்பா, ஆட்லாவா: சமய ஆய்வுக்கு எதில் முதலில் தேடுவது?

சமய ஆய்விதழ்கள் அத்தனையையும் எந்த நூலகமும் தனியாக அட்டவணைப்படுத்த முடியாது. அந்த வேலையைப் பகிர்ந்து செய்வதில் இரண்டு வழிகள் வேரூன்றியிருக்கின்றன. 1946இல் தொடங்கிய அமெரிக்க இறையியல் நூலகங்களின் சங்கம் ஆட்லா. அதன் இதழ் அட்டவணை 1949இல் தொடங்குகிறது. இன்று அது எப்ஸ்கோ என்ற ஆய்வுத் தரவுத்தளச் சேவையில், நிறுவனச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக நூலகம் நடத்துபவை இக்ஸ்தியோ (இறையியலுக்கு), ரெல்பிப் (சமயவியலுக்கு) என்ற இணைய அட்டவணைகள். ஜெர்மன் ஆய்வு நிதியத்தின் ஆதரவில் வளர்ந்தவை. யாரும் காசு கட்டாமல் தேடலாம்.

சந்தா இல்லாத கல்லூரிக்கு ரெல்பிப்தான் முதல் இடம். ஆனால் அது தனித் தரவுத்தளம் அன்று. இக்ஸ்தியோ தரவில் சமயவியல் சார்ந்ததை மட்டும் வடித்துக் காட்டுகிறது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனைத் தேடுபவர் ரெல்பிப்போடு நின்றுவிட்டால், இறையியல் பக்கம் சேர்ந்த கட்டுரைகள் கண்ணில் படாது. இக்ஸ்தியோவிலும் தேட வேண்டும்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும் எழுத்துக்கூட்டல்தான் பெரும் தொல்லை. முருகன் பெயரின் நடு எழுத்தைச் சிலர் ‘ஜி’ போட்டும் சிலர் ‘கே’ போட்டும் எழுதுகிறார்கள். சைவத்தின் முதல் எழுத்து ‘எஸ்’ மட்டுமாகவும் வரும், ‘எஸ்எச்’ ஆகவும் வரும். ஒலி வேறுபாட்டைக் காட்ட எழுத்தின் மேலும் கீழும் இடும் குறிகளைத் தேடுபொறி கண்டுகொள்ளாமல் விட்டாலும் இந்த வேறுபாடு தீராது. எல்லா வடிவங்களையும் ‘ஆர்’ (அல்லது) போட்டுச் சேர்த்துத் தேடுங்கள். ரெல்பிப்பில் ‘ஆர்’ என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடுவது பாதுகாப்பு. பிறகு நல்ல பதிவு ஒன்றைத் திறந்து, அதன் பொருள் தலைப்பை (கட்டுரை எதைப் பற்றியது என்று அட்டவணையில் குறிக்கும் சொல்லை) சொடுக்கினால் கட்டுரைத் தலைப்பில் அச்சொல் இல்லாத கட்டுரைகளும் வரும்.

ட்யூபிங்கன் குழு பதிப்பகத் தளங்களிலிருந்து பெருமளவு விவரங்களைத் தானாகச் சேகரிக்கிறது. வேகத்துக்கு அது உதவுகிறது. ஆனால் பதிப்பகமே தமிழ்ப் பெயரின் தலைப்பெழுத்தை (இனிஷியலை) குடும்பப் பெயராகப் பதித்திருந்தால் அந்தப் பிழையும் கூடவே வரக்கூடும். ஆசிரியர் பெயரை இரு வரிசையிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆட்லாவின் பலம் ஆங்கில இதழ்களின் பழைய தொகுதிகள். சந்தா எடுக்கும் நூலகர் ஒன்றை முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்: வாங்குவது அட்டவணை மட்டுமா, முழு உரையும் சேர்ந்ததா? இரண்டும் தனித்தனியாக விற்கப்படுகின்றன.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வுக்கு இவை போதா. அதற்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் பார்ப்பதே வழி.